ஒரே மடக்கில் இரண்டு மாத்திரை

பொடியனுக்கு எட்டு வயது. அவனுக்குக் குரல் கொடுத்தவளுக்கு நாற்பத்தாறு. தினமும் சாயங்காலம் டிவியில் வருவானே, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முன்பல் விழுந்த வாயோடு பெரியவர்களை எதிர்த்து எதிர்த்துப் பேசுகிற பொம்மைப்படப் பையன், அவன்தான். அவனை வரைந்தவன் எந்த ஊர்க்காரனோ, யார் கண்டது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அவன் நம் பாஷை பேசுகிறவன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் முழங்கால் வலியோடு பஸ் பிடித்து ஓடி வருகிற ஒரு வீட்டுக்காரி இருக்கிறாள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அவளும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

டப்பிங் அரங்கில் அவளுக்குப் பெயரே 'பொடியன் அக்கா' என்று ஆகிவிட்டது. சூனியக்காரிக் கிழவிகளுக்குப் பேசுகிறவள் 'சூனியம் அக்கா'. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை.

அவள் குரல் வளரவே இல்லை. உடம்பு வளர்ந்தது, கல்யாணம் ஆனது, ஒரு பெண்ணும் பிறந்தாள். குரல் மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. பெண் கேட்டு மாமனார் போன் செய்தபோது இவள்தான் எடுத்தாள். "பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்றாராம். அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அவர். ஒரு பல் ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாள். அங்கேயும் அதே கதைதான். டப்பிங் இன்சார்ஜ் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு போன் செய்து, "குழந்தை கையில போனைக் குடுத்தது யாருங்க?" என்று கத்தினார். "நான் குழந்தை இல்ல சார், எனக்கே ஒரு குழந்தை இருக்கு" என்றாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர் இவளையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் அவள் வாய் திறந்து யாரையும் எதிர்த்ததில்லை. கணவன் லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளர். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாத மனிதர். குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்டுவிட்டு, போட்டேன் என்று சொன்ன பிறகும் கரண்டியை விட்டுப் பார்ப்பார். அதற்கும் 'சரிங்க'தான். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றுவிட்டால், ராஜாவா, வாத்தியாரா, போலீஸா, எவனாக இருந்தாலும் பொடியன் ஒரு பிடி பிடித்துவிடுவான். அவள் பயப்படாமல் வாழ்ந்தது அந்த அறையில் மட்டும்தான். அதைப் பிழைப்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அதுதான் உயிர்.

அந்த உயிருக்கு முதல் கண்டம் தொண்டையில் வந்தது. தைராய்டு சுரப்பியில் கட்டி. சுரப்பியை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறதாம். கத்தி கொஞ்சம் பிசகினால் குரல் போச்சு. அறுவை சிகிச்சை செய்த பெரிய டாக்டர் பொறுமைசாலி. நரம்பை நூலைப் பிரிப்பதுபோலப் பிரித்து ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை முடித்தார். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது பொடியனின் வசனம்: "டேய், என்கிட்டயேவா?" கரகரவென்றுதான் வந்தது, ஆனால் பொடியன்தான். நர்ஸ் திரும்பிப் பார்த்து, "ஐயோ, என் பையன் தினமும் பாக்குறது நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கண்டம் தாண்டியாயிற்று என்று வீடே நிம்மதியானது.

இனி ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் டீகூடக் கூடாது. "இதை மருந்துன்னு நினைக்காதீங்க. எடுத்த சுரப்பிக்குப் பதிலா இதுதான் இனிமே வேலை செய்யப்போகுது" என்று தைராய்டு டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளும் ஒரு நாள் தவறாமல் போட்டாள்.

சிக்கல் வேறெங்கிருந்தோ வந்தது. வயிற்றிலிருந்து.

மைக் என்பது பொல்லாத சாமான். வளையல் உரசினால் பிடிக்கும், எச்சில் விழுங்கினால் பிடிக்கும். டீ இல்லாமல், ரொட்டி இல்லாமல் வெறும் வயிற்றோடு காலை முதல் ஆளாகப் போய் நிற்கிறவளின் வயிறு கர்ர்ரென்று உருட்டினால் பிடிக்காதா? பொடியன் வீர வசனம் பேசுகிறான், நடுவில் ஒரு உறுமல். "கட்!" முதல் நாள் பரவாயில்லை என்றார்கள். அடுத்தடுத்த நாளும் அதே கதை. சவுண்டுக்காரன் ஒரு குசும்பன். அந்த உறுமலை மட்டும் தனியாக வெட்டி, சத்தத்தைக் கூட்டி, அரங்கம் அதிர ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். "அக்கா, உள்ள என்ன, புலி வளக்குறீங்களா?" கொஞ்ச நாளில் குகைக்குள் இருக்கும் ஒரு பூதத்துக்கு அந்தச் சத்தத்தையே வைத்தும்விட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அதற்கும் சிரிப்பார்களே. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சூனியம் அக்காதான் மனசு பொறுக்காமல் கைப்பையைத் திறந்தாள். கறுப்பாக ஒரு டப்பா மாத்திரை. "கரி மாத்திரைடி. நாங்கெல்லாம் இதைத்தான் போடுறோம். வயித்துல இருக்குற வாயுவைப் பிடிச்சு அமுக்கி வெச்சிடும். பயப்படாத, மருந்துகூடக் கிடையாது, வெறும் கரி."

உண்மையில் கரி அடக்கியதோ, அடக்கிவிடும் என்ற தைரியத்தில் வயிறு தானாக அடங்கியதோ, உறுமல் குறைந்தது. சும்மா விடுவாளா? தினப்படி பழக்கமாக்கிக்கொண்டாள். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டப்பிங்காரர்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில் மகா கஞ்சர்கள். வயிற்றில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் அசையும்போது தளும்பும். தளும்பினால் மைக் அதையும் பிடித்துவிடும். தொண்டை நனைய ஒரு மடக்கு, அதோடு சரி. தைராய்டு மாத்திரைக்கு ஒரு மடக்கு, கரிக்கு ஒரு மடக்கு என்று இரண்டாகச் செலவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், கரி என்ன சாப்பாடா? சின்ன வெள்ளை மாத்திரையையும் குண்டுக் கறுப்பு மாத்திரையையும் ஒன்றாக நாக்கில் வைத்தாள். ஒரே மடக்கு. உள்ளே போயிற்று.

உடம்பில் ஏற்கெனவே ஊறியிருந்த மருந்து உடனே வற்றிவிடாது. அதனால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாக, கடன்காரன் மாதிரி ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தது. குளிர்பதன அறையில் மற்றவர்கள் சாதாரணமாக நிற்க இவள் மட்டும் சால்வை போர்த்திக்கொண்டு நின்றாள். முகம் உப்பியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பட்டினி கிடந்தும் எடை கூடியது. வயிறு மந்தமாகிப்போய் ஊதிக்கொண்டது. ஊதியதால் உருட்டல் கூடியது. உருட்டல் கூடியதால் ஒரு கரி மாத்திரை இரண்டானது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இவளோ ஊதிய சங்கையே மறுபடி மறுபடி ஊதினாள், பாவி.

அப்புறம் குரல். ஒரு நாள் காலையில் பொடியன் தடித்துப்போய் வந்தான். தொண்டையைச் செருமினாள், வெந்நீர் கொப்பளித்தாள். அடுத்த வாரம் இன்னும் தடித்தான். உதட்டசைவுக்கு வசனம் பின்தங்கியது. பையன் வாயை மூடிய பிறகும் இவள் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்சார்ஜ் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்:

"என்னக்கா, பொடியனுக்கு மீசை முளைச்சிடுச்சா?"

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"கத்தி பட்ட இடம், இப்பதான் வேலையைக் காட்டுது" என்றார் கணவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நரம்பை நூலாகப் பிரித்துக் காப்பாற்றிய அந்தப் பெரிய டாக்டருக்கு வீட்டில் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. தைராய்டு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"தினமும் போடுறேன் சார்."

"கால்சியம், இரும்புச்சத்து, வேற ஏதாவது மருந்து கூடச் சேர்த்து?"

"இல்ல சார்."

பொய் சொல்லவில்லை அவள். கரி மாத்திரை மருந்து என்று அவள் மனசில் பதிந்திருந்தால்தானே? அது மைக்குக்காகப் போடுவது. தொண்டைக்கு மிட்டாய் சப்புவதுபோல. அதோடு, என் வயிறு உறுமுகிறது, என்னைப் பூதமாக்கிச் சிரிக்கிறார்கள் என்று முன்பின் பழகாத ஒரு ஆம்பளையிடம் எந்த வாயால் சொல்வாள்?

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த பரிசோதனையில் இன்னும் மோசம். மறுபடி கூட்டினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் குடுத்திருக்குற அளவுக்கு இந்நேரம் சரியாயிருக்கணும். இவங்க மாத்திரை சாப்பிடுறதில்ல. நீங்க கிட்ட நின்னு பாத்துக்குங்க."

அன்றிலிருந்து காலையில் கணவர் காவல். அவரே வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைப்பார். அவள் கறுப்பு மாத்திரையையும் சேர்த்து வாயில் போடுவாள். ஒரு மடக்கு. "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்பார். தூக்குவாள். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, ஜெயில் கைதியைப்போல, தினமும். கறுப்பாக எதுவோ உள்ளே போவதை அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்தார். முதல் நாள் மட்டும் "அது என்ன?" என்றார். "வயித்து வாயுவுக்கு" என்றாள். "ம்" என்றார். இரண்டு முறை சரிபார்க்கிறவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அரங்கில் பேச்சு வேறு மாதிரி போக ஆரம்பித்தது. புதுக் குரல் தேடுகிறார்களாம். யாரோ ஒரு பெண் வந்து பேசிக் காட்டிவிட்டுப் போனாளாம். கேள்விப்பட்டதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மந்தமான மூளையிலும் ஒரு யோசனை முளைத்தது. அவள் மகள் காலேஜ் கடைசி வருஷம். பேசத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் பொடியனைப்போலவே பேசிக் காட்டி வீட்டைச் சிரிக்க வைப்பவள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா? பெண்ணைத் துண்டாகப் போட்டு வைப்போம், நமக்குக் குரல் வந்ததும் எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வோம் என்று கணக்குப் போட்டாள்.

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? பரீட்சை வருது" என்றாள் மகள்.

"கொஞ்ச நாளுக்குத்தான்டி. வேற எவளாவது வந்து உக்காந்துட்டா அப்புறம் எழுப்ப முடியாது. நீன்னா என் கைக்குள்ளயே இருக்கும்."

சாயங்காலங்களில் சமையலறையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மூச்சை எங்கே வாங்குவது, விழுந்த பல்லின் ஓட்டையைக் குரலில் எப்படிக் காட்டுவது, எல்லாம். தானே கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினாள். இன்சார்ஜ் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, ரத்தம் ரத்தம்தான்!" அம்மாவுக்கு அன்றைக்குப் பெருமையில் கண் கலங்கியது. அது பொய்யில்லை, பெருமைதான்.

அவளுக்கு வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அப்படியும் காலையில் கரி போடுவதை அவள் நிறுத்தவில்லை. திடீரென்று கூப்பிட்டுவிட்டால்?

வீட்டிலேயே இருந்ததில் மறதி முற்றியது. அடுப்பில் பால் பொங்கி வழியும், பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு நாள் காலை மாமனாருக்கு இதய மாத்திரை கொடுத்தாள். கொடுத்தது மறந்து மறுபடி கொடுத்தாள். அரை மணி கழித்து, ஐயோ, இன்னும் கொடுக்கவில்லையே என்று பதறி, தாமதத்துக்கு ஈடாக இரண்டாகக் கொடுத்தாள். அந்த மனிதரும் வாங்கி வாங்கி விழுங்கினார். மருமகள் கொடுத்தால் காரணம் இல்லாமலா இருக்கும்? மகள்தான் மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்து, "அம்மா, இது நேத்துத்தானே பிரிச்சோம்? இவ்வளவு எங்க போச்சு?" என்று அலறினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியெல்லாம் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "உன் மாத்திரையை ஒழுங்கா முழுங்க மாட்டேங்குற, எங்கப்பாவுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்குறியா?" அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்திருந்தது. ஒருவேளை நிஜமாகவே நான் மாத்திரை போடுவதில்லையோ?

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள். துடிப்பைப் பார்த்தாள், மாத்திரை போட்ட நேரம் கேட்டாள். "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே நர்ஸிடம் கை நீட்டினாள். நர்ஸ் ஒரு பெரிய டம்ளரில் கன்னங்கரேலென்று எதையோ கலக்கிக் கொண்டுவந்தாள். மாமனார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அடுப்புலேர்ந்து அள்ளிட்டு வந்தியா?" என்றார்.

"அதேதான் தாத்தா. கரிதான், கொஞ்சம் பதப்படுத்தினது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க."

குடித்தார். உதடு, பல், நரைத்த மீசை எல்லாம் கறுத்தது. டாக்டரம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே மகளிடம் விளக்கினாள். "இந்தக் கரித் தூள்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை லட்சக்கணக்குல இருக்கும். வயித்துல இருக்குற மாத்திரை கரைஞ்சு போய் அதுல ஒட்டிக்கும். ஒட்டினா விடாது. ரத்தத்துக்குப் போகாம அப்படியே வெளிய போயிடும். எல்லா விஷத்துக்கும் இது உதவாது, ஆனா இந்த மாத்திரைக்கு உதவும். ஒண்ணு, இவரு வழக்கமாச் சாப்பிடுற மத்த மாத்திரைகளையும் இதோட சேர்த்துக் குடுத்துடாதீங்க. நான் சொல்ற நேரத்துல குடுத்தாப் போதும். கரிக்கு எது விஷம், எது மருந்துன்னெல்லாம் தெரியாது. கிடைச்சதைப் பிடிச்சுக்கும்."

அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூளை மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் செய்தது. கைப்பையைத் திறந்து கறுப்பு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"டாக்டர், இதுவும் அதுவும் ஒண்ணா?"

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தாள். "ஆமா. அளவு கம்மி, ஆனா அதே கரிதான். ஏன், நீங்க சாப்பிடுறீங்களா?"

"தைராய்டு மாத்திரையோட. ஒரே மடக்கு தண்ணில."

டாக்டரம்மா அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உப்பிய கண், உதிர்ந்த புருவம், கரகரத்த குரல். "எத்தனை நாளா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "முதல்ல நீங்க உக்காருங்கம்மா" என்றாள்.

மாமனார் பிழைத்துக்கொண்டார். ராத்திரிக்கே டிவி கேட்டார். கணவர் வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை ஏன் அன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லல?"

"நீங்களும்தானே தினமும் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவள் அவரை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதுவும் அந்தத் தடித்த குரலில்.

யாரைக் கோபித்துக்கொள்வது? தைராய்டு டாக்டரிடம் போனாள். "நான்தான் கேட்டேனேம்மா, வேற ஏதாவது சாப்பிடுறீங்களான்னு" என்றார். கேட்டார்தான். கூட்டிய அளவை மளமளவென்று குறைத்து எழுதினார். கரி இல்லாமல் அந்த அளவு உள்ளே போனால் இதயம் தாங்காதாம். சூனியம் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "நல்லதுக்குத்தானேடி குடுத்தேன்! நானும்தானே போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே!" அவளுக்கு வேறு மாத்திரை எதுவும் இல்லை, அதனால் ஆகவில்லை. அவளையும் திட்ட முடியவில்லை. திட்ட ஒரு ஆள்கூடக் கிடைக்காத துக்கம் இருக்கிறதே, அது பொல்லாத துக்கம்.

வெள்ளை மாத்திரை மட்டும் தனியாக உள்ளே போனதும் உடம்பு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. குளிர் விட்டது. முகம் வடிந்தது. குரல்தான் கடைசியில் வந்தது. ஒரு காலை பாத்திரம் கழுவும்போது கை வழுக்கித் தட்டு விழுந்தது. "டேய், என்கிட்டயேவா?" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுத்தமாக, கீச்சென்று, எட்டு வயதில். குழாயை மூடிவிட்டு மறுபடி சொல்லிப் பார்த்தாள். வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மகள் வந்ததும் சொன்னாள். மகள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சூப்பர்மா!" என்றாள்.

"அப்ப… அடுத்த வாரத்துலேர்ந்து நான் போகட்டுமா?" என்று அம்மாதான் கேட்டாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு துப்பட்டாவின் நூலைப் பிரித்தாள். "எனக்கு அது பிடிச்சுப் போச்சும்மா."

"கொஞ்ச நாளுக்குத்தான்னு சொல்லித்தானேடி கூட்டிட்டுப் போனேன்?"

"நான் கேட்டேனா? நீயாத்தானே கூட்டிட்டுப் போன!"

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறாளே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தாள், வயிறெரிய நினைத்தாள். அவள் அழகாகப் பேசுகிறாள் என்பதற்காகவே நினைத்தாள். மகள் கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நீ போய்ப் பேசிக் காட்டும்மா. இன்சார்ஜ் சரின்னு சொன்னா நான் விலகிக்கிறேன்" என்றாள். நியாயமான பேச்சு. அவள் நியாயமாகப் பேசியது இன்னும் எரிந்தது.

போனாள். அதே கண்ணாடி அறை. சவுண்டுக்காரன் எழுந்து வந்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மைக்கின் உயரத்தை அவனே சரிசெய்து கொடுத்தான். திரையில் பொடியன் மரத்துமேல் ஏறி நின்றுகொண்டு ஊரையே மிரட்டுகிறான். "இது என் இடம்! இங்க எவனும் வரக்கூடாது!" பேசினாள். மூச்சு, உதட்டசைவு, பல் ஓட்டை, எல்லாம் இம்மி பிசகவில்லை. இத்தனை வருஷத்தில் இதைவிட நன்றாகப் பேசியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"குரல் அப்படியே திரும்பி வந்திடுச்சுக்கா. ரொம்பச் சந்தோஷம்."

"அப்ப சார்…"

"பிள்ளைங்களுக்கு இப்ப உங்க பாப்பா பேசிக் காது பழகிடுச்சு. நீங்க பேசினா என்னமோ… பொடியன் மாதிரி வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க." அவர் குரலில் நிஜமான சங்கடம் இருந்தது. "பாப்பா வராத நாளைக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாரு? ஆனா பாப்பா மாதிரியே பேசணும். வாக்கியம் முடியும்போது மேல ஒரு தூக்கு தூக்குவாளே, அது மாதிரி."

அந்தத் தூக்கலா! சமையலறையில் எத்தனை சாயங்காலம் மேஜையைத் தட்டி மகளைத் திட்டியிருக்கிறாள். கடைசியில் குரலைத் தூக்கினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும்டி, பொடியன் செத்தாலும் எவன்கிட்டயும் கெஞ்சமாட்டான் என்று. அந்தப் பெண் எவ்வளவு சொல்லியும் கடைசிவரை திருத்திக்கொள்ளவில்லை. இப்போது ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பொடியன் என்றால் அந்தத் தூக்கல்தானாம்.

வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் நகரவில்லை. வெளியே போனால் மறுபடி இந்த அறைக்குள் யார் விடுவார்கள்?

திரையில் பொடியன் மறுபடி மரத்துமேல் ஏறினான்.

"இது என் இடம்! இங்க எவனும் வரக்கூடாது…" என்றாள், கடைசியில் குரலைத் தூக்கி.

"ஆங்! இதான், இதான் பொடியன்!" என்று கண்ணாடியைத் தட்டினார் இன்சார்ஜ். "இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா."

தூக்கினாள்.